எல்லாவற்றுக்கும் 'நாசவேலை' என்ற ஒரே சொல் போதுமா?

நூலிழை

வணக்கம். ஓர் இயந்திரப் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி முடிந்துவிட்டது, கடைசி அத்தியாயத்தில் நிற்கிறேன். பழுது நேர்ந்தால் அதை எப்படிப் பதிவு செய்வது, தானாக வந்ததா அல்லது எவராவது செய்ததா என்று எப்படி விசாரிப்பது என்பதைச் சொல்லும் அத்தியாயம் அது. மூலத்தில் நான்கு தனித்தனிச் சொற்கள் வருகின்றன. ஒன்று வேலையைத் தெரிந்தே கெடுப்பதைச் சொல்லும் சபோட்டாஜ், இன்னொன்று காரணமின்றிப் பொருளைச் சேதப்படுத்துவதைச் சொல்லும் வாண்டலிசம். மற்ற இரண்டில் ஒன்று வேலையைத் தடுப்பதையும் ஒன்று அனுமதியின்றிக் கருவியில் கைவைப்பதையும் குறிக்கின்றன. நான் அனுப்பிய வரைவு திரும்பி வந்தபோது, நான்கு இடத்திலும் என் சொல்லை அடித்துவிட்டு "நாசவேலை" என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சுவரில் கிறுக்கியவரும் நாசவேலைக்காரர், கோப்பை மூன்று மாதம் மேசைக்குள் பூட்டி வைத்தவரும் நாசவேலைக்காரர், தண்டவாளத்தைக் கழற்றியவரும் நாசவேலைக்காரர் என்றால் அந்தச் சொல் எதைத்தான் சொல்கிறது? இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் தொழிலாளர்கள். இதில் உள்ள சொல்லை எடுத்துத்தான் நாளை ஒருவர் இன்னொருவரைப் பற்றி அறிக்கை எழுதுவார். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் கையில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன? எது எங்கே பொருந்தும்?

பழையதாள்

முதலில் சபோட்டாஜ் வந்த வழியைப் பார்த்துவிடலாம். பிரெஞ்சில் சபோ என்றால் மரக்காலணி. கோபம் கொண்ட தொழிலாளர்கள் காலணியைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்தார்கள், அதிலிருந்து இந்தச் சொல் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த வினைச்சொல் முதலில் மரக்காலணி தடதடக்க நடப்பதைக் குறித்தது. பிறகு வேலையை ஏனோதானோ என்று செய்து கெடுப்பதைக் குறித்தது. நம்முடைய "குளறுபடி"க்குப் பக்கத்தில் வைக்கத்தக்க சொல்தான்.

அதில் உள்நோக்கம் ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1897இல் துலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாட்டில் தொழிற்சங்கவாதி எமில் பூஜேயும் அவருடைய தோழர்களும் இதை ஒரு போராட்ட முறையாக முன்வைத்தார்கள். மோசமான கூலிக்கு மோசமான வேலை என்பதுதான் அதன் சாரம். 1910இல் பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டி ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தச் சொல் பரவியது. வெடிகுண்டும் பாலத் தகர்ப்பும் இதற்குள் வந்து சேர்ந்தது உலகப் போர்களின் காலத்தில்.

ஆக, இந்தச் சொல்லின் பழைய நடுப்புள்ளி வெடிப்பு அல்ல. வேலையில் இருப்பவர், வேலை செய்வதுபோலவே இருந்துகொண்டு, தெரிந்தே அதைக் கெடுப்பது. "நாசவேலை" என்றால் நம் காதில் முதலில் கேட்பது வெடிச்சத்தம். நூலிழை அவர்களின் உறுத்தல் சரியானது என்றே நினைக்கிறேன்.

கரும்பலகை

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? "சபோட்டாஜ்" என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாமே. பஸ்ஸையும் டிக்கெட்டையும் ஏற்றுக்கொண்ட மொழிதானே?

நூலிழை

பஸ் எல்லோருக்கும் தெரியும், கரும்பலகை. இந்தச் சொல் தெரியாத ஒருவர்மீது இந்தச் சொல்லாலேயே குற்றம் சாட்டப்படும் நிலை வரும். தன்மீது என்ன பழி விழுந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிய வேண்டும். அதனால் இந்த இடத்தில் மட்டும் எனக்கு அது ஏற்பில்லை.

பற்சக்கரம்

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பராமரிப்பில் இருப்பவன். மொழி அறிஞன் அல்லன். ஆனால் ஒரு சொல் ஒருவரை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு பெரிய பம்பின் தாங்கி (பேரிங்) அடிக்கடி சூடேறி நின்றுபோனது. மூன்றாவது முறை நின்றபோது நான்தான் மூடியைத் திறந்தேன். அடியில் தேங்கியிருந்த எண்ணெயைத் தொட்டு விரலிடையே தேய்த்தேன். நறநறவென்றது. மணல். எண்ணெய் வரும் வழியில் இருந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், கம்பி வலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திறப்பு. தேய்ந்து கிழிந்த வலையின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்திரியால் வெட்டியதுபோல நேராக இருந்தது.

"வலை அறுக்கப்பட்டிருந்தது" என்று எழுதினேன். அதை மேலே அனுப்பியவர் தன் குறிப்பில் "நாசவேலை" என்று எழுதினார். அவ்வளவுதான். அடுத்த நாளே இரவுப் பணியில் இருந்த ஓர் இளைஞனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பத்து நாள் கழித்து வேலையை விட்டுப் போய்விட்டான்.

பிறகு அதே வகைப் பம்பு இன்னொன்றைத் திறந்தோம். அதிலும் அதே இடத்தில், அதே அளவில் வலை வெட்டப்பட்டிருந்தது. பம்புகளைப் பொருத்த வந்தவர்கள், அளவு சரியாக இல்லாத வடிகட்டியைக் குழாய் முனையில் உட்கார வைப்பதற்காக வலையை வெட்டியிருக்கிறார்கள். மணல் எண்ணெய்ப் பீப்பாயின் அடியிலிருந்து வந்தது. வெட்டியது வேண்டுமென்று செய்ததுதான். கெடுக்க வேண்டும் என்று செய்ததல்ல. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சொல் இருந்திருந்தால் அந்தப் பையன் போயிருக்க மாட்டான். அவன் பெயரைக் கேட்டால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. திரும்ப அழைப்பதற்குள் அவன் எங்கே போனான் என்பதே தெரியாமல் போய்விட்டது.

ஓலைக்கட்டு

பற்சக்கரம் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொன்ன இடைவெளியை இலக்கணத்தின் பக்கமிருந்து பார்க்கிறேன்.

தமிழில் உடைந்தது, உடைத்தான், முறிந்தது, முறித்தான், குலைந்தது, குலைத்தான், கெட்டது, கெடுத்தான் என்று இணை இணையாக வினைகள் இருக்கின்றன. முதலாவது தானாக நிகழ்வது. இரண்டாவதில் செய்தவர் ஒருவர் வந்துவிடுகிறார். செய்தவர் வருகிறாரே தவிர, அவருடைய மனம் வருவதில்லை. "கோப்பையை உடைத்துவிட்டான்" என்று கைதவறிய குழந்தையையும் சொல்கிறோம், ஆத்திரத்தில் சுவரில் எறிந்தவனையும் சொல்கிறோம். மனத்தைச் சொல்ல "வேண்டுமென்றே" என்று தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே நூலிழை அவர்களின் கையேட்டுக்கு மூன்று படிகள் தேவை: நேர்ந்தது, செய்தது, வேண்டுமென்று செய்தது. ஐயா சொன்ன நிகழ்ச்சி நான்காவதாக ஒன்றையும் காட்டுகிறது: செயல் வேண்டுமென்று, கேடு வேண்டாமலே.

இதன் மறுபக்கமும் உண்டு. "சேதமடைந்தது", "பழுதடைந்தது" என்று எழுதும்போது செய்தவர் காணாமல் போய்விடுகிறார். பொறுப்பை மறைக்க விரும்புகிறவர்களுக்கு இந்த "அடைந்தது" மிகவும் வசதியான சொல்.

இனி, பழைய சொற்கள். உள்ளிருந்தே கெடுப்பதற்கு நம்மிடம் மிகப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: அறைபோதல். குறளில் நல்ல படைக்கு இலக்கணம் சொல்லும்போது "அழிவின்று அறைபோகாது ஆகி" என்று வருகிறது. பகைவரால் கீழறுக்கப்படாதது என்று உரை விளக்குகிறது. கோட்டையைப் பிடிக்கும் வழிகளைச் சொல்லும் குறளில் "அறைப்படுத்தும்" என்று வருகிறது. வெளியே நின்று மதிலை இடிப்பது வேறு, உள்ளே இருப்பவரை வசப்படுத்திக் கதவைத் திறக்க வைப்பது வேறு என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது.

உட்பகை அதிகாரத்தில் "மட்பகையின் மாணத் தெறும்" என்கிறார். மட்பகை என்பது குயவர் மண்கலத்தை அறுத்தெடுக்கும் கருவி. சக்கரத்தின்மேல் பானை முழு வடிவில், ஈரம் மின்ன நின்றுகொண்டிருக்கும். அடியில் கருவி நுழைந்து வெளியே வந்துவிடும். மேலே எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் பானைக்கும் அது நின்ற மண்ணுக்கும் தொடர்பு அற்றுப்போயிருக்கும். கீழறுத்தல் என்ற சொல்லின் படம் இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்? சபோட்டாஜின் பழைய பொருளுக்குக் "கீழறுப்பு" என்பதே என் பரிந்துரை.

பழையதாள்

மட்பகை! இத்தனை ஆண்டு அந்தக் குறளைப் படித்தும் கருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. நன்றி, ஓலைக்கட்டு.

கீழறுப்புக்கு நம் காலத்து எடுத்துக்காட்டு வேண்டுமானால், 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட். ஈரானில் நத்தான்ஸ் என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் குறிவைத்த கணினி நிரல் அது. சுழலிகளின் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் கெடுத்தது. அதே நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் திரையில் எல்லாம் வழக்கம்போல ஓடுவதாகக் காட்டியது. மேலே பானை, கீழே அறுப்பு. இதை நாசவேலை என்று சொன்னால் தப்பில்லை, ஆனால் பாதி வெளியே நின்றுவிடுகிறது.

செங்கல்சூளை

கீழறுப்பு சரி. எனக்கு அடுத்த சொல்தான் கவலை. வேலையைத் தடுப்பதையும் சேதத்தோடு சேர்த்து ஒரே பையில் போடுகிறார்களே, அது மொழிப்பிழை மாத்திரமல்ல, அநியாயம். தொழிற்சங்க வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மறியல் என்பது வெளிப்படையானது. மறிப்பவர் முகத்தைக் காட்டிக்கொண்டு வழியில் உட்காருகிறார், கைதாகவும் தயாராக இருக்கிறார். புறக்கணிப்பு என்பது ஒதுங்கி நிற்பது. 1880இல் அயர்லாந்தில் பாய்காட் என்ற எஸ்டேட் மேலாளருக்கு உள்ளூரில் எவரும் அறுவடை செய்யவில்லை, கடைக்காரர் பொருள் தரவில்லை, தபால்கூடக் கொண்டுபோகவில்லை. அவர் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது. அந்தச் சொல்லின் சாரம் ஒதுங்கி நிற்பதுதான், உடைப்பதல்ல. விதிப்படி வேலை செய்யும் போராட்டத்தைப் பாருங்கள். விதியில் எழுதியிருப்பதை ஒரு புள்ளி விடாமல் செய்கிறார்கள், வேலை நின்றுபோகிறது. இதை நாசவேலை என்று எழுதினால், விதியை எழுதியவர்தான் நாசவேலைக்காரர் ஆகிறார்.

இவற்றுக்கு எதிரில் இழுத்தடிப்பு, தட்டிக்கழிப்பு, கிடப்பில் போடுதல் என்று ஒரு கூட்டம் நிற்கிறது. இங்கே முகம் கிடையாது. "கோப்பு பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில் மட்டும்தான் இருக்கும். எனக்கு மறியலைவிட இதுதான் பயம்.

பழையதாள்

செங்கல்சூளை அம்மா சொன்ன முகமில்லாத தடைக்கு ஒரு சான்று. 1944 ஜனவரியில் அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். ஒரு சிறு கையேடு தயாரித்தது. எதிரியின் ஆட்சிக்குள் இருக்கும் சாதாரண மக்கள், ஆயுதமோ பயிற்சியோ இல்லாமல் எப்படிக் கெடுக்கலாம் என்பதற்கான வழிகாட்டி. பற்சக்கரம் ஐயா சொன்னதுபோல உயவெண்ணெய்க்குள் மணலைக் கலப்பது போன்ற யோசனைகள் அதில் உண்டு. என்னை உலுக்கியது அலுவலகங்களுக்கான பகுதி. எதையும் குறுக்குவழியில் முடிக்க விடாதே, எல்லாவற்றையும் உரிய வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடி. முடிந்தபோதெல்லாம் விஷயத்தைக் குழுவுக்கு அனுப்பு, குழுவில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள். போன கூட்டத்தில் முடிவானதை மறுபடி கிளறு. இதுதான் அறிவுரை.

நல்ல அலுவலரின் இலக்கணம்போலத் தெரிகிற ஒவ்வொன்றையும் ஆயுதமாக அடுக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது, நேர்மையாக விதியைப் பின்பற்றுகிறவருக்கும் கெடுப்பதற்காகப் பின்பற்றுகிறவருக்கும் வேறுபாடே தெரியாது.

மாடவிளக்கு

"முட்டுக்கட்டை"யை எவரும் தொடவில்லையே! தடைக்கு நாம் அன்றாடம் சொல்லும் சொல் அதுதான். தேர்ச் சக்கரத்தின் அடியில் கொடுக்கும் மரக்கட்டை. ஒரு பக்கம் சரிந்து, மறுபக்கம் தடித்து, ஒருவர் இரண்டு கையாலும் தூக்கி வைக்கும் கனத்தில் இருக்கும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கட்டையை வைப்பவரின் கையில் இருக்கிறது. நகரும் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து நின்று வைக்கிறார். கணம் தவறினால் கை போய்விடும். அவர் தேருக்கு எதிரி அல்லர். அவர் இல்லாவிட்டால் தேர் வீடுகளுக்குள் போய்விடும்.

"முட்டு" என்ற சொல்லே இரு பக்கமும் வெட்டும். சாயும் சுவருக்கு முட்டுக்கொடுத்தால் உதவி, ஓடும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தடை. கட்டை ஒன்றுதான். அதனால் ஒருவர் "முட்டுக்கட்டை போடுகிறார்" என்று அறிக்கையில் எழுதும் முன், ஓடியது சரியான பக்கம்தானா என்பதையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பில்லை என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தியவரை இந்தச் சொல்லால் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பற்சக்கரம்

மாடவிளக்கு சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியவரிடம் "உற்பத்தியைத் தடுத்தது ஏன்" என்று விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தால், அடுத்த முறை எவரும் பொத்தானைத் தொட மாட்டார்கள்.

ஓலைக்கட்டு

"இடையூறு" என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் ஊறு. ஊறு என்றால் தீங்கு. ஐம்புலன்களைச் சொல்லும்போது தொடு உணர்வுக்கும் ஊறு என்றுதான் பெயர். தொடுதலுக்கும் தீங்குக்கும் ஒரே சொல் இருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஆனால் இடையூறில் உள்நோக்கம் இல்லை, மழையும் இடையூறுதான். அதனால் விசாரணை முடியாத நிலையில் பயன்படுத்த மிகப் பாதுகாப்பான சொல். "குந்தகம்" கொஞ்சம் கனமானது, அமைதிக்கும் நற்பெயருக்கும் விளைவிப்பது. ஒரு பம்புக்குக் குந்தகம் விளைவிக்க முடியாது.

கரும்பலகை

"சதிவேலை" எப்படி? ரயில் தடம்புரண்டால் மறுநாள் பத்திரிகையில் "சதிவேலையா?" என்றுதானே வருகிறது. ஆனால் சதி என்றால் பலர் கூடிச் செய்வது அல்லவா?

ஓலைக்கட்டு

தனியொருவரும் சதி செய்யலாம். அதனால்தான் பலர் சேர்ந்தால் "கூட்டுச்சதி" என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சதி என்பது திட்டத்தின் பெயர், சேதத்தின் பெயர் அல்ல. சதி நடந்து சேதம் நிகழாமலும் போகலாம். இந்த அத்தியாயத்துக்கு அது வேண்டாம் என்பேன்.

செங்கல்சூளை

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. "நாசவேலை" என்று சொன்ன உடனேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். 1943 பிப்ரவரி இறுதியில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நார்வேயில், வெமோர்க் என்ற இடத்தில் அணு ஆய்வுக்கு வேண்டிய கனநீரைத் தயாரித்த ஆலைக்குள் நார்வே வீரர்கள் சிலர் நுழைந்தார்கள். ஜெர்மனி அணு ஆயுதம் செய்துவிடக் கூடாது என்பதற்காக அங்கிருந்த மின்பகுப்புக் கலங்களைத் தகர்த்துவிட்டு, ஒரு குண்டுகூடச் சுடாமல் வெளியேறினார்கள். இதை நாசவேலை என்று மொழிபெயர்த்தால் என் காதுக்கு ஜெர்மன் காவலரின் குரல் கேட்கிறது.

மண்டேலாவும் அப்படித்தான். 1961 டிசம்பரில் அவரும் தோழர்களும் தென்னாப்பிரிக்காவில் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியபோது, உயிர்ச்சேதம் இல்லாத வழி என்பதால்தான் அரசின் கட்டமைப்புகளைத் தகர்ப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே அரசு அதற்கென்று ஒரு சட்டம் இயற்றி, மரண தண்டனை வரை வைத்தது. நீதிமன்றத்தில் அவர் அதைத் திட்டமிட்டதை மறுக்கவில்லை. குற்றப்பத்திரிகையில் "நாசவேலை" என்று எழுதலாம். அவர் வாயில் அந்தச் சொல்லை வைக்க எனக்குக் கை வராது. "தகர்ப்பு" என்று எழுதுவேன். நடந்ததைச் சொல்லும், வசவு இருக்காது.

பழையதாள்

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தகர்ப்பு என்ற சொல் சுத்தமாக இருப்பதாலேயே செயலும் சுத்தம் என்று ஆகிவிடாது. அதே கனநீரின் மிச்சத்தை ஏற்றிச்சென்ற படகை 1944 பிப்ரவரியில் ஏரியில் மூழ்கடித்தபோது நார்வே நாட்டுச் சாதாரணப் பயணிகளும் இறந்தார்கள். சொல் வசவாகவும் இருக்கக் கூடாது, போர்வையாகவும் இருக்கக் கூடாது.

மாடவிளக்கு

வாண்டலிசத்துக்கு: பத்திரிகைகளில் "விஷமிகள் சேதப்படுத்தினர்" என்று வரும். அங்கே லாபமோ திட்டமோ இல்லை, கெடுப்பதே இன்பம். "விஷமச் சேதம்" பொருந்துகிறதா என்று பாருங்கள். வாண்டல் என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். 455இல் ரோமைச் சூறையாடியவர்கள் என்பதற்காக, 1794இல் பிரெஞ்சுக்காரரான கிரேகுவார் அவர்கள் பெயரை இந்தச் செயலுக்கு வைத்துவிட்டார். தமிழில் எந்த இனத்தின் பெயரும் இல்லாமல் இதைச் சொல்ல முடிவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

மனிதர்களுக்குள் நடப்பதற்குக் காலை வாருதல், குழிபறித்தல், இரண்டகம் என்று இருக்கின்றன. எல்லாவற்றிலும் என்னை நடுங்க வைப்பது "வேரில் வெந்நீர் ஊற்றுவது". மரம் அன்றைக்கே விழாது, நாலு நாள் பச்சையாகவே நிற்கும்.

நூலிழை

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அத்தியாயத்தை மறுபடி எழுதினேன்.

அறிக்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில் "காணப்பட்ட நிலை" மட்டும் இருக்கும். அங்கே கண்ணால் கண்டதற்கு மட்டும்தான் இடம்: வலை அறுபட்டுள்ளது, எண்ணெயில் மணல் உள்ளது. சேதம், பழுது, இடையூறு ஆகிய மூன்று சொற்களைத் தவிர வேறு எதுவும் அங்கே கூடாது என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கம் "செயல்". எவராவது செய்ததா, எதற்காகச் செய்தார் என்று அவரிடமே கேட்டு எழுத வேண்டும். "வேண்டுமென்றே விளைவித்த சேதம்", "கீழறுப்பு", "விஷமச் சேதம்" மூன்றும் மூன்றாம் பக்கத்தில், விசாரணை முடிந்த பிறகுதான் வருகின்றன. பாதுகாப்புக்காக நிறுத்தியது தடுத்தலாகக் கருதப்படாது என்று தனி வரி சேர்த்துவிட்டேன். "நாசவேலை" அத்தியாயத்திலேயே இல்லை.

அனுமதியின்றிக் கருவியில் கைவைப்பதற்குத்தான் இன்னும் சொல் பிடிபடவில்லை. "குறுக்கீடு" என்று வைத்திருக்கிறேன், திருப்தியில்லை.

பற்சக்கரம்

"கைவைத்தல்" என்றே எழுதுங்கள், அம்மா. பணித்தளத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். "இதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்" என்றால் எல்லோருக்கும் புரியும். நல்லெண்ணத்தோடு சரிசெய்யப் பார்த்தவருக்கும் அது பொருந்தும், கெடுக்க வந்தவருக்கும் பொருந்தும். எதற்காக வைத்தார் என்பதை உங்கள் இரண்டாம் பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

நூலிழை

மாற்றிவிட்டேன், ஐயா.